நாற்பத்தோராவது யோசனை

தோழர் அதிகாரி, நான் வந்தது ஒரு பெயர்த் திருத்தத்துக்காக. சின்ன வேலைதான். ஒரு சான்றிதழில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுத வேண்டும். முதலில் நகர மன்றத்தில் கேட்டேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், அதெல்லாம் தலைநகர் சோஃபியாவில் கண்டுபிடிப்புப் பதிவகத்தில்தான் ஆகும் என்றாள். ரயிலேறிச் சோஃபியாவுக்குப் போனேன். உரிமை உங்களுடையது என்று காட்ட அரசு முத்திரை வைத்த காகிதம் ஒன்றாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். என் விஷயத்தில் அப்படி ஒரே ஒரு காகிதம்தான் இருக்க முடியும். அதை உங்கள் அலுவலகம்தான் தர முடியும். டைப் அடிக்கும் பெண்ணிடம் மூன்று பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கார்பன் தாள் புதிதாக இருந்தால் நல்லது, மூன்றாவது பிரதி எப்போதும் மங்கிவிடுகிறது.

என் பெயர் அஸ்பாரூஹ் தோச்செவ். வயது ஐம்பத்திரண்டு. ஸ்ரெப்ரோவெட்ஸ் மின்னணு ஆலையில் யோசனைப் பிரிவின் தலைவன். ஆலைக்குள் யோசனைக்கென்று ஒரு பிரிவா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். இரும்புக்கும் கண்ணாடிக்கும் இலக்கு வைப்பதுபோல யோசனைக்கும் இலக்கு உண்டு. எனக்குக் காலாண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு யோசனைக்கும் பதிவேட்டில் ஓர் எண் விழ வேண்டும். அது வெளியே எங்காவது ஓரிடத்தில் பயன்பட்டது என்று அமலாக்கச் சான்றும் வர வேண்டும். சான்று இல்லாத யோசனை வெறும் பேச்சு.

எங்கள் ஆலை செய்வது சோகொல் என்ற கைக்கணினி. சோகொல் என்றால் வல்லூறு. பெயர் வைத்தவர்கள் அதை இயக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டலைக் கொடுத்துவிட்டு நீங்கள் காப்பி குடித்துவிட்டு வரலாம். உள்ளிருக்கும் வடிவமைப்பை ஐந்தாண்டுத் திட்டம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் அதன் முதுகில் ஒரு குழி உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூலைச் செய்து அந்தக் குழியில் சொருகினால் கணினி அதைத் தன் உறுப்பாகவே ஏற்றுக்கொள்ளும். ஆகவே சோகொலை வேகப்படுத்தும் பொறுப்பு முழுக்க அந்தக் குழியின் தலையில் விழுந்தது. குழிக்குப் பொறுப்பு நான்.

பத்து வருடத்தில் முப்பத்தொன்பது மாட்யூல்கள் யோசித்தேன். ஏழாவது, உள்ளே ஒரு ஈயக்கட்டி மட்டும். கையில் கனம் கூடினால் பொருள்மேல் மரியாதை கூடும்; மரியாதை இருக்கிற இடத்தில் யாரும் அவசரப்படுத்துவதில்லை. பன்னிரண்டாவது குளிர்காலத்தில் கணினியைச் சூடாக்கி வேகப்படுத்த வந்தது. கணினி அப்படியே இருந்தது, பிடித்திருப்பவரின் கை கதகதப்பானது. எல்லைக் காவல் படையினர் இருநூறு கேட்டு எழுதினார்கள். இருபத்து மூன்றாவதில் ஒரு சிவப்பு விளக்கு, கணக்குப் போடும்போது சிமிட்டும். விளக்கு சிமிட்டினால் மனிதர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்பதை நான் ஆலை மருத்துவமனையின் வரிசையில் நின்று கற்றுக்கொண்டேன். முப்பத்தொன்பதில் ஒன்றுகூட வேகத்தைக் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. அந்த வகையில் என்மேல் குறை சொல்ல முடியாது.

சென்ற டிசம்பரில் எங்கள் இயக்குநர் தோழர் வெல்கோ முத்தாஃபொவ் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகம் பல் பிடுங்கியவர் முகமாக இருந்தது.

"அஸ்பாரூஹ், வேகம் நாப்பது சதவீதம் கூடணுமாம்."

"எதை வச்சு, தோழர் இயக்குநர்?"

"எதை வச்சுன்னு அவங்க சொல்லலை. எப்பன்னு சொல்லிட்டாங்க. மார்ச் மாசம்."

இரண்டு வாரம் எனக்கு மண்டை காய்ந்தது. பிறகு ஒருநாள் அரசின் தரவிதிப் புத்தகத்தைப் புரட்டினேன். கைக்கணினியின் வேகத்தை எப்படி அளப்பது என்று அதில் தெளிவாக இருந்தது. கணினிக்கு ஆயிரம் கணக்கு கொடுக்க வேண்டும். முடித்ததும், எத்தனை நொடி ஆயிற்று என்று அதுவே தன் கடிகாரத்தைப் பார்த்துத் திரையில் சொல்லும். அந்த எண்தான் வேகம். வேறு எந்தக் கடிகாரத்தைப் பற்றியும் விதியில் ஒரு சொல் இல்லை.

சோகொலின் மூளைக்கு ஒரு துடிப்பு, கடிகாரத்துக்கு வேறொரு துடிப்பு. கடிகாரத்தின் துடிப்பு அந்தக் குழி வழியாகத்தான் போகிறது. ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்பது கேட்கக்கூடாத கேள்விகளில் ஒன்று. என் நாற்பதாவது மாட்யூல், துடிப்பு ஏழு வந்தால் ஐந்தை மட்டும் உள்ளே விட்டது. வழக்கமாக எழுபது நொடி காட்டும் சோதனை இப்போது ஐம்பது காட்டியது. எழுபதை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள். நாற்பது சதவீதம், ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குமேல் காட்டியிருக்கலாம். ஆனால் நான் பேராசைக்காரன் அல்ல.

நான் யாரையும் ஏமாற்றவில்லை, தோழர் அதிகாரி. வாங்கியவர்கள் வேகத்தைக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலைக் கிடங்கில் எடைபோடும் ஓர் அம்மாள் ஆலைக்குக் கடிதம் எழுதினாள். இந்த மாட்யூல் வந்த பிறகு, சோகொல் காட்டும் நேரப்படி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தன் வேலை முடிந்துவிடுகிறதாம். கான்டீனில் அவரைக்கொட்டை சூப் மட்டும் கொஞ்ச நாளாக ஆறிப்போய்த்தான் கிடைக்கிறது, அதற்கு ஆலை பொறுப்பல்ல என்பது தெரியும் என்றும் எழுதியிருந்தாள். கடிதத்தைக் கண்ணாடி போட்டு இயக்குநர் அறையில் மாட்டினார்கள். என் புகைப்படம் ஆலை வாசலில் மரியாதைப் பலகையில் ஏறியது. இடமிருந்து இரண்டாவது. காலையில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களின் கண் முதலில் விழும் இடம் அது. நான் நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று தடவைதான்.

இனி ஸ்லாத்தினா கரஸ்லாவொவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வயது. சோதனைக் கூடத்தில் அளவு எடுப்பவள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அளப்பது அவளுக்கு வேலை மட்டும் அல்ல, சுபாவம். கான்டீன் கரண்டியில் எத்தனை அவரைக்கொட்டை விழுகிறது என்று எண்ணுவாள். அவளுடைய அப்பா ரயில் நிலைய அதிகாரியாக இருந்து காலமானவர். அவருடைய கைக்கடிகாரத்தைத்தான் அவள் கட்டியிருந்தாள், ஆண்பிள்ளைக் கடிகாரம், வாரில் கூடுதலாக ஒரு துளை போட்டு.

மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்கும் வழக்கப்படி, எல்லோருடைய மணிக்கட்டிலும் அவளே சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிவிட்டாள். எனக்கும் கட்டினாள், நல்லா இருங்க தோழர் தோச்செவ், கன்னம் சிவக்க இருங்க என்றாள். மறுநாள் என் அறைக்கு வந்து, ஒரு நிமிஷம் என்றாள். மற்றவர்கள் சொல்வதுபோல அல்ல. அவள் ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். அன்று மட்டும் எழுபது நொடி ஆயிற்று. சோகொலையும் தன் கடிகாரத்தையும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதனையை ஓடவிட்டாள். திரை ஐம்பது என்றது. கடிகாரம் எழுபது என்றது.

"இது வேகமா ஓடலை. இதோட கடிகாரம்தான் மெதுவா ஓடுது."

"உன் கடிகாரம் பழசு, ஸ்லாத்தினா."

"ஸ்டேஷன் கடிகாரத்தோட ஒத்துப் பாத்துட்டேன். ரேடியோ மணியோட பாத்தேன். அம்மா முட்டை வேக வைக்கிறப்பவும் பாத்தேன். முட்டைக்கும் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லைங்களே."

நான் அழுதேன். அந்த அழுகை உண்மையானது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பதறிப்போனாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு முதுகைத் தட்டிக்கொடுக்காத குறையாகப் பேசினாள்.

"உங்க பேரு கெடணும்னு எனக்கு ஆசையில்லை. நீங்களே வாபஸ் வாங்கிடுங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. காலாண்டு அறிக்கை முப்பதாம் தேதி போகணும். அதுக்குள்ள வாங்கலைன்னா நான் பாத்த எண்ணை எழுதிடுவேன். பாக்காத எண்ணை எழுதி எனக்குப் பழக்கமில்லை."

இதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஒருவேளை மிரட்டியிருந்தால் நாங்கள் ஏதாவது பேசி முடித்திருப்போம்.

வாபஸ் வாங்குவது என்றால் என்ன என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பலகையிலிருந்து படத்தைக் கழற்றினால் அந்த இடத்தில் வெயில் படாத ஒரு சதுரம் புதுப் பெயிண்ட் நிறத்தில் தெரியும். என் பிரிவிலேயே இருந்த ஒருவருடைய படத்தை எண்பத்து இரண்டில் கழற்றினார்கள். அந்தச் சதுரம் மூன்று வருடம் அப்படியே இருந்தது. அவர் பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின் வாசல் வழியாக வேலைக்கு வருவார்.

அந்த வாரம்தான் நாற்பத்தோராவது யோசனை வந்தது. அதுவரை வந்ததெல்லாம் தேடிப் பிடித்தவை. இது தானாக வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து என் கையாலேயே செய்து முடித்தேன். அதைப் பற்றி அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஸ்லாத்தினாவிடம் சரி என்றேன். நாற்பதாவதை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் காலாண்டுக்கு ஓர் அமலாக்கச் சான்றாவது இல்லாமல் பிரிவே மூடப்படும். மாட்யூல் எதுவும் இல்லாத வெறும் சோகொலைக் கல்குவாரியில் நேரம் காட்டும் கருவியாகச் சோதிப்போம், நீயே வந்து அளந்து கையெழுத்துப் போடு, வாபஸ் கடிதமும் இந்தச் சான்றும் ஒரே உறையில் போகட்டும் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் ஆமாம் என்று எங்கள் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பத்து வருடத்தில் இந்த ஆலையிலிருந்து வெளியே போகும் முதல் உண்மையான எண் என்று சொல்லிச் சிரித்தாள்.

குவாரி ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அங்கே வெடிவைப்பவர் பெஞ்சோ உசுனொவ், அறுபதைத் தொட்டவர், எல்லோருக்கும் அவர் பெஞ்சோ அண்ணன். பாறையில் துளைகள் போட்டு மருந்து கெட்டித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு திரியை வெளியே விட்டிருப்பார்கள். திரி எரிந்து உள்ளே போய்ச் சேர ஆறு நிமிடம். முதல் திரியைப் பற்றவைத்ததிலிருந்து நான்காம் நிமிடம் கிளம்பிவிட வேண்டும். பதுங்குசுவருக்கு நடந்து போக ஒன்றரை நிமிடம். அரை நிமிடம் மிச்சம். பெஞ்சோ அண்ணன் இந்த நான்கு நிமிடத்தை ஒரு சிகரெட்டால் அளப்பார். முதல் திரியையும் சிகரெட்டையும் ஒரே தீக்குச்சியில் பற்றவைப்பார். சிகரெட் விரலைச் சுட்டால் நடையைக் கட்டுவார். முப்பத்தைந்து வருடத்தில் அவருக்குப் போனது ஒரு புருவம் மட்டும்.

சோதனை விதிகளை நான்தான் எழுதினேன். ஏழாவது விதி: சோதனையிடத்தில் சோகொலைத் தவிர நேரம் காட்டும் வேறு எந்தச் சாதனமும் இருக்கக்கூடாது, இருந்தால் முடிவு செல்லாது. அதன் இரண்டாம் பத்தி: சோதனை நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் குரல் கொடுத்து நேரம் சொல்லக்கூடாது. நியாயமான விதிகள். எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

மார்ச் இருபத்தாறு, காலை பத்து மணி. ஆலையிலிருந்து கிளம்பும் முன்பே ஸ்லாத்தினா அந்தச் சோகொலைத் தன் கடிகாரத்தோடு வைத்துப் பத்து நிமிடம் ஒத்துப் பார்த்தாள். ஒரு நொடி பிசகவில்லை. குழி காலியாக இருப்பதை விரலை விட்டுப் பார்த்தாள். நாற்பதாவது மாட்யூலை அவள் கண்முன்னாலேயே உறையில் போட்டு ஒட்டினேன். விரல் வைத்து அழுத்தி மூடியது அவள்தான்.

குவாரி வாசலில் விதியைப் படித்துக் காட்டினேன். நான் கேட்கும் முன்பே அவள் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். பெஞ்சோ அண்ணனிடம் சிகரெட்டைக் கேட்டதற்குத்தான் தகராறு.

"சிகரெட்டு என்னய்யா பண்ணுச்சு உங்களை?"

"அது நேரம் காட்டுற சாதனம் அண்ணே. விதியில இருக்கு."

"அப்போ என் நெஞ்சுக்கூட்டையும் கழட்டி வச்சுக்கங்க, இன்ஜினியர் தோழர். முப்பத்தஞ்சு வருசமா அதுக்குள்ளதான் கடிகாரம் ஓடுது. பேட்டரி கேக்காது."

ஸ்லாத்தினா சிரித்துவிட்டாள். குடுத்துடுங்க அண்ணே, முடிஞ்சதும் நானே ஒரு பாக்கெட் வாங்கித் தர்றேன் என்றாள். அவர் கொடுத்துவிட்டார். குவாரி முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. சோகொலின் முதுகில் குழி திறந்திருந்தால் தூசி உள்ளே போய்விடும். மாட்யூல் இல்லாதபோது குழியை மூட எல்லாச் சோகொலுக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. விரல் நகத்தால் திறக்கலாம், அவ்வளவு மெல்லியது. என் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து மாட்டி அவள் கையில் கொடுத்தேன். பரவாயில்லையே, தூசியையெல்லாம் யோசிச்சிருக்கீங்க என்றாள்.

நான் பதுங்குசுவருக்குப் பின்னால் போய் நின்றேன். சுவரில் பார்ப்பதற்கு ஒரு துவாரம் உண்டு. பெஞ்சோ அண்ணன் முதல் திரியைப் பற்றவைத்ததும் ஸ்லாத்தினா பொத்தானை அழுத்தினாள். அதே நொடியில் அவருடைய சிகரெட்டில் ஒன்றை எடுத்து நானும் பற்றவைத்தேன். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. அவர் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அவளுடைய கடிகாரம் என் உள்ளங்கையில் இருந்தது. சரியாக நான்காம் நிமிடம் சிகரெட் என் விரலைச் சுட்டது. அவர் சொன்னது சரிதான்.

அவர்கள் கிளம்பவில்லை. அதற்குப்பின் நடந்த பேச்சைப் பெஞ்சோ அண்ணன் விசாரணைக் குழுவிடம் சொல்லியிருக்கிறார். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

"பொண்ணே, நேரம் ஆயிட்டாப்ல இருக்கே."

"இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கு அண்ணே."

"எனக்கு நாக்கு நமநமங்குது. நாக்கு எப்பவும் முன்னப்பின்ன சொன்னதில்லை. வா போயிடுவோம்."

"நீங்க முன்னாடி போங்க. நாலுன்னு வந்ததும் எழுதிட்டு வந்துடறேன். பாக்காம எழுதக்கூடாது."

அவர் நடந்தார். நாலரை நிமிடத்தில் அவர் வருவது துவாரத்தில் தெரிந்தது. நடந்துகொண்டே திரும்பிக் கையைக் காட்டி அவளைக் கூப்பிட்டார். அவள் சிரித்தபடி சோகொலைத் தூக்கிக் காட்டினாள். நூற்றைம்பது தப்படி தூரம். நான் கத்தியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் ஏழாவது விதியின் இரண்டாம் பத்தி இருக்கிறது.

ஐந்து நிமிடம் முப்பத்தாறாம் நொடியில் சோகொல் நான்கு நிமிடம் ஆயிற்று என்று கூவியது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அவள் குனிந்து படிவத்தில் எண்ணை எழுதினாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள், பிறகு நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று நம்புகிறவள் எதற்கு ஓட வேண்டும்? மணிக்கட்டில் நூல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நான் கண்ணைத் துவாரத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசு உண்டு.

படிவம் பிறகு கிடைத்தது. அளந்த நேரம் என்ற கட்டத்தில் நான்கு நிமிடம் பூஜ்யம் நொடி என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அவள் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள்.

சோஃபியாவிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. திரி வழக்கத்தைவிட வேகமாக எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். இயந்திரம்தான் தாமதம் என்று பெஞ்சோ அண்ணன் சொன்னார். அவருக்கு இப்போது காது கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சம்பவத்தின்போது சாட்சிக்குச் சிகரெட் மறுக்கப்பட்டிருந்ததால் அவருடைய மனநிலையை நம்புவதற்கில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

குழு அதோடு போயிருந்தால் நானும் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். சிதறிக் கிடந்த சோகொலின் துண்டுகளைப் பொறுக்கியபோது அவர்களில் ஒருவர் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தூசிக்காக நான் மாட்டிய மூடி. மூன்று மில்லிமீட்டர் கனம். இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே நாற்பதாவது மாட்யூலின் சுற்று முழுவதும், ஏழுக்கு ஐந்து, ஒரு கம்பி குறையாமல். தீப்பெட்டி அளவுக்கு இருந்ததை நான் தீக்குச்சியின் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். வெளியே பார்த்தால் வெறும் மூடி. அதுதான் நாற்பத்தோராவது யோசனை. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு மெல்லிய மாட்யூலைச் செய்ததில்லை என்று அந்த மனிதர் சொன்னாராம். அது எதற்காக என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு மெல்லியது என்று அளந்து பார்த்தார்.

யார் செய்தது என்ற கேள்வி வந்தது. பதிவேட்டில் எண் இல்லை. இருந்தது ஸ்லாத்தினாவின் கையில். கொஞ்ச நாளாகவே அவள் சோகொலின் கடிகாரத்தை நோண்டிக்கொண்டிருந்தாள் என்று சோதனைக் கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஜூன் மாதம், கண்டுபிடிப்பாளர் சான்றிதழ், மறைவுக்குப் பின், ஸ்லாத்தினா கரஸ்லாவொவாவுக்கு. பேண்டு வாசித்தார்கள். மரியாதைப் பலகையில் அவள் படத்தை இடமிருந்து இரண்டாவதாக மாட்டினார்கள். என்னுடையதை மூன்றாவதாக நகர்த்தினார்கள். அங்கே மழைத்தண்ணீர்க் குழாய் குறுக்கே வருகிறது, பாதி முகம் தெரியாது.

இயக்குநரிடம் போனேன். அந்த மூடி என்னுடைய யோசனை என்று மட்டும் சொன்னேன்.

"செத்துப்போனவளோட போய்ப் போட்டி போடாத, அஸ்பாரூஹ். கொஞ்சம் மனுஷனா இரு."

வீட்டுக்குப் போய் அதைப் பற்றி யோசித்தேன். மனிதனாக இருப்பது வேறு, பதிவேடு சரியாக இருப்பது வேறு.

சென்ற வாரம் அவளுடைய அம்மாவைப் பார்க்கப் போனேன். இறந்தவர்களுக்காகச் சர்க்கரை தூவி வேகவைத்த கோதுமையைக் கிண்ணத்தில் கொடுத்தாள், சாப்பிட்டேன். சான்றிதழ் அலமாரிமேல் குப்புறக் கிடந்தது. என் மகள் என்னதான் கண்டுபிடித்தாள், யாரும் புரியும்படி சொல்ல மாட்டேனென்கிறார்களே என்றாள். நான் எளிமையாக விளக்கினேன். ஏழு துடிப்பு வந்தால் ஐந்தை மட்டும் விடும் என்றேன். அவள் காலிக் கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அப்படின்னா கடிகாரம் தாமதமாகுமே. நான் ரயில்காரன் பொண்டாட்டி, தம்பி. கடிகாரத்தைத் தெரிஞ்சே தாமதமாக்குறவன் ஆளைக் கொல்லுறவன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பாரு. என் பொண்ணு இதைப் பண்ணியிருக்க மாட்டா. அந்தக் காகிதத்துல இருந்து அவ பேரை எடுத்துடுங்க. யாரு பண்ணினாங்களோ அவங்க பேரைப் போடுங்க."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆலை முழுக்க ஒருவர்கூட என் பக்கம் இல்லாதபோது அந்த அம்மாள் ஒருத்திதான் நியாயத்தைப் பேசினாள். கட்டாயம் செய்கிறேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன். கிளம்பும்போது, அவ அப்பாவோட கடிகாரம் குவாரியிலேயே போயிடுச்சா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆதாரப் பொருளை உங்களிடம் ஒப்படைக்கும் முன் வேறு யாரிடமும் கொடுப்பது முறையல்ல.

இதோ வைக்கிறேன், ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளட்டும். என் கையெழுத்தில் வரைபடங்கள், பதினொரு தாள், மார்ச் மாதத் தேதியோடு. மூடியின் இரண்டாவது பிரதி. முதலாவதில் ஏதாவது கோளாறு வந்தால் என்று செய்துவைத்தது. பெஞ்சோ உசுனொவின் சிகரெட் பாக்கெட், நான் எடுத்தது ஒன்று. ஸ்லாத்தினாவின் கைக்கடிகாரம். தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன், நன்றாக ஓடுகிறது. உங்கள் சுவர்க் கடிகாரத்தைவிட இரண்டு நிமிடம் முன்னால் இருக்கிறது. உங்களுடையதைத்தான் திருத்த வேண்டும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதுவரை சொன்னதில் சந்தேகம் இருந்தால் ஒரே வாக்கியத்திலும் சொல்கிறேன். அந்த மூடியை யோசித்தவன் நான், செய்தவன் நான், அது என்ன செய்யும் என்று நொடிக்கணக்காகத் தெரிந்தே அவள் கையில் கொடுத்தவனும் நான். இதில் இயக்குநருக்கோ சோதனைக் கூடத்துக்கோ வேறு யாருக்குமோ பங்கு இல்லை. பங்கு இல்லை என்பதற்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். மேலே கொலை என்று தலைப்புப் போடுவதா வேறு ஏதாவது போடுவதா என்பது உங்கள் இலாகா, நான் தலையிட மாட்டேன். அமலாக்கம் நடந்த இடம் ஸ்ரெப்ரோவெட்ஸ் கல்குவாரி. முடிவு, நூற்றுக்கு நூறு. கீழே மூன்று பிரதியிலும் முத்திரை விழ வேண்டும், அதில் ஒன்று பதிவகத்துக்கு. பேண்டு எல்லாம் வேண்டாம். படத்தை மட்டும் பழைய இடத்தில் மாட்டினால் போதும்.